ரீவி எங்களது, டெக் அவர்களது

ஐம்பதை எட்டிப் பார்க்கிற என் வயதுக்காரர்களே, நீங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வளர்ந்தவர்கள் என்றால், ஒரு வீட்டில் இரண்டு குடும்பம் இருப்பது எப்படி என்று நான் விளக்கத் தேவையில்லை. வளராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே வாளியோடு நின்றுகொண்டு, உள்ளே இருப்பவர் வேண்டுமென்றே ஆறுதலாகக் குளிக்கிறார் என்று நம்புவது. மிச்சம் எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வளர்வது.

எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் மேல்மாடி. இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. ஒழுங்கையின் கடைசியில் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். ரயில் போகும்போது அலுமாரிக்குள் இருக்கும் பீங்கான்கள் கலகலவென்று கதைக்கும். அந்த வீட்டில் ஒன்றோடொன்று மரியாதையாகக் கதைத்தவை அவை மட்டும்தான்.

அது யுத்தம் திரும்பவும் தொடங்கிய காலம். அப்பா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். மார்கழி மாதம் பெரியப்பா குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தது. பெரியப்பா பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக்குள்ளும் பிரம்பு இல்லாத அதிபர்போலவே நடப்பார். பெரியம்மா வந்த முதல் நாளே அம்மாவின் கறிச்சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடினார். அடுத்த நாளே குசினியில் எல்லை போடப்பட்டது. கேஸ் அடுப்பு அம்மாவுடையது, மண்ணெண்ணெய் அடுப்பு பெரியம்மாவுடையது. இரண்டு பேரும் வாய் திறந்து சண்டை பிடித்து நான் கண்டதில்லை. சட்டிகளை வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருந்தது. மண்ணெண்ணெய்ப் புகை மணம் எங்கள் பள்ளிக்கூடச் சட்டைவரை ஏறியிருந்தது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன் என்னைக் கொளுத்திப் பார்க்கலாமா என்று கேட்டான்.

பெரியப்பாவின் கடைக்குட்டி மகனும் நானும் ஒரே வகுப்பு. என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அந்த மூன்று மாதத்துக்காகத் தன்னை அண்ணா என்று கூப்பிடவேண்டும் என்றான். நான் கூப்பிடவில்லை. அவன் என் நுளம்புவலையில் ஒரு ஓட்டை போட்டான். நான் அவனுடைய செருப்பின் வாரை அறுத்தேன். எங்கள் உறவு இப்படி நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது.

பெரியவர்களின் சண்டைக்குக் காரணம் நான். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

அந்த நாட்களில் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் பொலிஸில் பதியவேண்டும். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குத் தனிப் படிவம். அதை அப்பா நிரப்பினார், சிங்களத்தில். வீட்டுத் தலைவர் என்ற கட்டத்தில் தன் பெயர். கீழே பெரியப்பா குடும்பத்தின் பெயர்கள், முதலில் பெரியப்பா. உறவு: அண்ணன். வந்த காரணத்துக்கு நேரே விருந்தாளி, தற்காலிகம் என்று எழுதியிருந்தார். தற்காலிகம் என்றால் பொலிஸ் மேற்கொண்டு கேள்வி கேட்காது என்பது கந்தோரில் கேட்டறிந்த தந்திரம். பெரியப்பாவுக்குச் சிங்களம் தெரியாது. தம்பி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

எனக்குச் சிங்களம் பள்ளிக்கூடத்தில் பாடம். தவணைப் பரீட்சையில் எழுபத்தைந்து புள்ளி. அந்தப் புள்ளிக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது. படிவத்தின் கொப்பி மேசையில் கிடந்ததைக் கண்டு, பெரியப்பாவுக்கு முன்னால் நின்று, சொல்லுச் சொல்லாக வாசித்துத் தமிழில் சொன்னேன். உச்சரிப்பைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விருந்தாளியோ?" என்று கேட்டார். "ஓம் பெரியப்பா, தற்காலிகம்" என்றேன்.

அன்றிலிருந்து நான்கு மாதம் அண்ணனும் தம்பியும் ஒரு சொல் நேருக்கு நேர் கதைக்கவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைப் படிக்கவைத்து, கொழும்புக்கு ரயில் ஏற்றிவிட்டவர் பெரியப்பா. அவரை விருந்தாளி என்று எழுதுவதா என்பது அவர் பக்கம். வாடகை உறுதி என் பெயரில் இருக்கும்போது வேறு எப்படி எழுதுவது, அவரைப் பாதுகாக்கத்தானே எழுதினேன் என்பது அப்பா பக்கம். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு தபால்காரன் தேவைப்பட்டான். சிங்களமும் தமிழும் தெரிந்த, வேறு வேலை இல்லாத ஒருவன்.

இரண்டு பேரும் மண்டபத்தில் நான்கு அடி தூரத்தில் இருப்பார்கள். அப்பா என்னைப் பார்த்து, "பெரியப்பரிட்டக் கேள், பேப்பர் பாத்து முடிஞ்சுதோ எண்டு" என்பார். நான் நான்கு அடி நடந்து கேட்பேன். பெரியப்பா, "கொப்பரிட்டச் சொல்லு, விருந்தாளிக்குப் பேப்பர் தராத வீட்டில நான் ஏன் பேப்பர் பாக்கப்போறன்" என்பார். நான் நான்கு அடி திரும்பி நடப்பேன். நடுவில் காரத்தைக் குறைத்துக் கொடுத்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். நேரம் போகாத நாட்களில் கொஞ்சம் கூட்டியும் கொடுத்திருக்கிறேன்.

இனி ரீவிக்கு வருகிறேன்.

ரீவி எங்களுடையது. மரப்பெட்டிக்குள் அடைத்த, நான்கு கால் வைத்த கனமான பிறவி. படம் உருளத் தொடங்கினால் வலது பக்கம் ஒரு தட்டுத் தட்டவேண்டும். இடது பக்கம் தட்டினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். அதன் தலையில் அம்மா பின்னிய வெள்ளை உறை. அதற்கு மேலே ஒரு பிளாஸ்ரிக் ரோசாப்பூ.

வீடியோ டெக் அவர்களுடையது. ஜெர்மனியிலிருந்த பெரியப்பாவின் மூத்த மகன் யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. பொத்தானை அமுக்கினால் மேலே வாயைத் திறந்து கசெற்றை வாங்கிக்கொள்ளும் வெள்ளி நிறச் சாமான். பெரியம்மா அதைப் பழைய சேலையில் சுற்றி, தங்கள் அறை அலுமாரிக்குள் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

ரீவி இல்லாமல் டெக் ஓடாது. டெக் இல்லாமல் ரீவியில் செய்தி மட்டும்தான். அந்த வருடத்துச் செய்தியைப் பார்ப்பதைவிட மூடிய ரீவியைப் பார்க்கலாம். இரண்டு சாமானும் ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நான்கு மாதம் சும்மா கிடந்தன.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. சிங்களச் சனம் எல்லாம் ஊருக்குப் போக, கொழும்பு காலியாகும் காலம். கடைகள் பூட்டு, காலி வீதியில் நாய் படுத்து நித்திரை கொள்ளும். எங்களுக்குப் போக வழியில்லை, பாதை பூட்டு. ஆனால் குறையொன்றும் இல்லை. எல்லோரும் ஊருக்குப் போனார்கள், எங்களுக்கு ஊர் வந்து வீட்டில் இருந்து மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டியது. விடுமுறைக்கு ஒருவரும் வெளியே போகக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை. வெடி கொளுத்துவதா என்று நான் கேட்டபோது அம்மா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வெடிச் சத்தம் கேட்டால் எந்த வெடி என்று நின்று விசாரிக்கிற காலமா அது.

அந்த நேரத்தில்தான் வீடியோக் கடையில் அந்தப் படம் வந்திருந்தது. சாம்பல் நிற இறுக்கு உடுப்பும் முதுகில் ஒரு போர்வையும் போட்டுக்கொண்டு, ஓடுகிற பஸ்ஸை ஒரு கையால் நிறுத்துகிற வீரன். கசெற் உறையில் அவன் நின்ற நிற்பைப் பார்த்து நானும் பெரியப்பாவின் மகனும் நான்கு மாதத்தில் முதல்தடவையாக ஒரே பக்கம் நின்றோம். அது இரண்டாம் பாகம். முதலாம் பாகத்தை நாங்கள் பார்த்ததில்லை. கடைக்கார நானாவிடம் கேட்டோம்.

"மொதலாவது இல்ல மகன். அத எடுத்த குடும்பம் கசெற்றோடயே கனடாக்குப் போயிட்டாங்க" என்றார் அவர், கோபமில்லாமல். அந்தக் காலத்து வெள்ளவத்தையில் வீடியோக் கடைக்காரர்களுக்கு அது பழகிப்போன இழப்பு. விடுமுறைக்குக் கடை பூட்டுவதால் இப்போது எடுத்தால் ஐந்து நாள் வைத்திருக்கலாம் என்றும் சொன்னார். எடுத்தோம்.

கசெற் கையில். ரீவி ஒரு பக்கம், டெக் மறுபக்கம். அடுத்த நாள் காலை, புத்தாண்டுக்கு முந்திய கடைசி வேலை நாளிலே, அந்தப் படிவத்தின் காலமும் அன்றோடு முடிகிறது என்று அப்பா கண்டுபிடித்தார்.

புதிதாக ஒன்றை நிரப்பினார். அதே கட்டங்கள், அதே விருந்தாளி, அதே தற்காலிகம். பெரியப்பாவின் கையெழுத்து வேண்டும், பின்னேரத்துக்குள் பொலிஸில் கொடுத்து முத்திரை குத்தவேண்டும். படிவத்தை என்னிடம் தந்தார். நான் நான்கு அடி நடந்தேன்.

பெரியப்பா அதைத் தொடவில்லை. "இப்ப எனக்கு வாசிச்சுக் காட்டத் தேவையில்லை. என்ர பேரை மேல போட்டு எழுதச் சொல்லு, கையெழுத்து வைக்கிறன்."

அப்பா சொன்னார்: "பொலிஸ்காரன்ர கடுதாசியில மரியாதைக்கு ஒரு கட்டம் இல்லையாம் எண்டு சொல்லு."

பெரியப்பா சொன்னார்: "அவருக்கு அரிச்சுவடி சொல்லிக் குடுத்தது நான். அதை எந்தக் கட்டத்தில எழுதிறதெண்டு கேள்."

இப்படி ஆறோ ஏழோ நடை. கடைசியில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கந்தோருக்குக் கிளம்பினார். அரைநாள் வேலை. "கையெழுத்து வாங்கி வை. வந்து கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். டெக்கும் அதே அறைக்குள்தான்.

நானும் பெரியப்பாவின் மகனும் மாடிப்படியில் இருந்து யோசித்தோம். இந்தக் கடுதாசி இருக்கும்வரை சண்டை இருக்கும். சண்டை இருக்கும்வரை டெக் வெளியே வராது. ஐந்து நாளில் கசெற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பதினொரு வயது மூளைக்கு இது போதுமான அளவு தெளிவாக இருந்தது. கடுதாசி இல்லாமல் போகவேண்டும். திட்டம் இரண்டு பேருடையதும். "நீ கதை, நான் ஒண்டும் கதைக்கமாட்டன்" என்று அவன் முன்கூட்டியே சொன்னான். அவன் சொன்ன சொல்லை எப்படிக் காப்பாற்றினான் என்பதைப் பின்னால் பார்ப்பீர்கள்.

நான் முதலில் பெரியப்பாவின் கதவைத் தட்டினேன். அப்பா அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று எழுதினார், உங்கள் பெயர்தான் முதலில், போகிற வழியில் பொலிஸில் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார் என்றேன். கையெழுத்து என்று பெரியப்பா இழுத்தார். மூத்தவர் வீட்டுத் தலைவர் என்றால் அவருடைய கையெழுத்துத் தேவையில்லையாம் என்று அந்த இடத்திலேயே ஒரு சட்டம் இயற்றினேன். ஒரு அதிபர் இதை நம்பலாமா என்று இப்போது யோசிக்கிறேன். நம்ப விரும்பினார், நம்பினார்.

மத்தியானம் அப்பா வந்தார். பெரியப்பா கையெழுத்து வைத்துவிட்டார், அந்தப் பக்கம் நடக்கப் போனபோது தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்றேன். பெரியப்பா அன்று காலை உண்மையிலேயே பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்திருந்தார். பொய்க்கு ஒரு கால் கிடைத்தது. அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே நின்றார். "அண்ணையோ?" என்றார். பிறகு முகம் கழுவப் போய் நெடுநேரம் வரவில்லை.

படிவம் என் றங்குப்பெட்டியின் அடியில் விரித்த பேப்பருக்குக் கீழே இருந்தது. அதை ஏன் கிழிக்கவில்லை என்று தெரியாது. பொலிஸ் கடுதாசியைக் கிழிக்கப் பயமாயிருந்திருக்கலாம்.

புத்தாண்டுக் காலை, மருத்துநீர் வைத்து முழுகி, எல்லோரும் மண்டபத்தில் நின்றோம். பெரியப்பா வெற்றிலையில் கைவிசேஷக் காசு வைத்து முதலில் தன் மகனுக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு. மூன்றாவது வெற்றிலையை எடுத்து ஒருவர் பெயரும் சொல்லாமல் நீட்டிக்கொண்டு நின்றார். அப்பா நான்கு அடி நடந்தார். நான் நடக்காமல் அந்த நான்கு அடி கடக்கப்பட்டது அதுதான் முதல்தடவை. அப்பா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். அம்மா பெரியம்மாவின் அடுப்புக்கு ஒரு தட்டில் பலகாரம் கொண்டுபோனார். பெரியம்மா கடித்துப் பார்த்து, "ம்" என்றார். அது வேறு "ம்".

எனக்கு எவ்வளவு கர்வம் என்றால், பெரிய நாடுகள் சமாதானம் பேச என்னைக் கூப்பிட்டால் போகலாம் என்றிருந்தது.

அடுத்த நாள் காலை டெக் சேலையிலிருந்து வெளியே வந்தது. பெரியப்பாவின் மகன் வயரைச் செருக, நான் ரீவியின் வலது பக்கம் தட்ட, சாம்பல் நிறத்தில் வீரன் வந்து நின்றான். பெரியவர்கள் கதிரையில், நாங்கள் நிலத்தில். அந்த வீரன் தண்ணீரைக் கண்டால் ஏன் நடுங்குகிறான் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அது முதலாம் பாகத்தில் வந்திருக்கும், முதலாம் பாகம் கனடாவில். பெரியப்பா ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு வந்தார், வீரனின் இலக்கணப் பிழைகளையும் சேர்த்து. ஒரு கட்டத்தில் வீரனின் போர்வை லிஃப்ட் கதவில் மாட்டிக்கொள்ள, அப்பாவும் பெரியப்பாவும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் மூக்கால் வரும் ஒரே சிரிப்பு என்பதை அன்றுதான் கவனித்தேன்.

பத்து மணி இருக்கும். மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஒரு சார்ஜன்ட், அவருக்குப் பின்னால் துவக்கோடு இரண்டு பொடியன்கள். வீட்டுச் சோதனை. அப்பா எழுந்து, கந்தோரில் மேலதிகாரிக்குக் கதைக்கிற மரியாதைச் சிங்களத்தில் வரவேற்றார். சார்ஜன்ட் கையில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் மூன்று பெயர். அப்பா, அம்மா, நான். "மே கவுத?" என்று பெரியப்பாவைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். அண்ணன், பதிந்திருக்கிறோம் என்றார் அப்பா. காலம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவில்லை என்றார் சார்ஜன்ட். புதுப்பித்தோம், இவரே கொண்டுவந்து தந்தார் என்று சொல்லி, அப்பா பெரியப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, அந்த ஃபோமின்ர கொப்பி எங்க?"

நான்கு மாதத்துக்குப் பிறகு அப்பா அவரிடம் நேரே கதைத்த முதல் வசனம் அது.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்?" என்றார் பெரியப்பா. "நீதானே குடுத்தனி."

"நானோ? நீங்கள்தானே கையெழுத்து வைச்சுக் கொண்டுபோனனீங்கள்."

"நான் எங்க கையெழுத்து வைச்சன்? என்ர பேரை மேல போட்டு எழுதிக் குடுத்தாய் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

"மேல போட்டோ?"

சார்ஜன்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இரண்டு பேர் ஒருவரையொருவர் பொய்யன் என்று சொல்கிற தொனி எந்த மொழியிலும் விளங்கும். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. துவக்கோடு நின்ற பொடியன்களில் ஒருவன் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகக் குனிந்து, மல்லி என்று தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டு, முதலாவதைப் பார்த்தாயா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டான். இல்லை என்று தலையாட்டினேன். அப்படியென்றால் இது விளங்காது என்றான், உண்மையான அனுதாபத்தோடு.

றங்குப்பெட்டி எனக்குப் பின்னால், சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம். எட்டு, பத்து அடி. எழுந்து போய்ப் பேப்பரைத் தூக்கி எடுத்துக்கொண்டு வந்து நீட்டியிருக்கலாம். அப்பா பதிய முயன்றார் என்றாவது சார்ஜன்டுக்கு விளங்கியிருக்கும். பெரியப்பாவின் மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் படத்தைப் பார்த்தோம். வீரன் தண்ணீருக்குள் விழுந்து, சக்தி எல்லாம் போய், மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் ஒரு திரையை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

பெரியவரை மட்டும் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார் சார்ஜன்ட். பெரியப்பா வேட்டியை மாற்றி, கண்ணாடியைப் போட்டு, அவர்களோடு இறங்கிப் போனார். பெரியம்மா படியின் தலைப்பில் நின்று, இறங்கும் சப்பாத்துச் சத்தம் முடியும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி அப்பாவைக் கேட்டார்: "இப்ப நெஞ்சுக்கு ஆறுதலோ?"

விசாரணை முடிந்தால் அன்றே விட்டிருப்பார்களாம். ஆனால் புத்தாண்டு. கிராமசேவகர் ஊருக்குப் போய்விட்டார். அப்பாவின் கந்தோரில் கடிதம் எழுதித் தரக்கூடியவர் ஊருக்குப் போய்விட்டார். கையெழுத்து வைக்கக்கூடிய ஒவ்வொருவரும் எங்கோ ஒரு ஊரில் பாற்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா நான்கு நாளும் காலையில் போய் அந்த வாசலில் நின்றார். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சல் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்தது, பெரியப்பா வாங்க மறுத்தார் என்று. பெரியம்மா கட்டிக்கொடுத்ததை வாங்கினாராம். இரண்டையும் கொண்டுபோனவர் அப்பாதான். இப்போது தூது போகிற முறை அவருக்கு.

ஐந்தாம் நாள் பெரியப்பா வந்தார். அங்கே என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். முதலில் கோபம் என்றே எல்லோரும் நினைத்தோம்.

அன்று பின்னேரம் நான் றங்குப்பெட்டியைத் திறந்தேன். நல்லவன் என்பதால் இல்லை. அந்த வீட்டில் சத்தமில்லாதது தாங்கமுடியாமல்தான். சட்டி வைக்கிற சத்தம்கூட நின்றுபோயிருந்தது. படிவத்தை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் நடுவில், என் வழக்கமான நான்கு அடிக்கு நடுவில் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். யாரிடம் என்ன பொய் சொன்னேன் என்று வரிசையாக, படத்துக்காகத்தான் என்றும்.

அப்பா முதலில் படிவத்தை வாங்கினார். கையெழுத்துக்கான இடத்தைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது.

"கையெழுத்தே வைக்கயில்லை," என்றார், அம்மாவிடம். "நான் சொன்னது சரிதானே? இவ்வளவு நாளும் தன்னட்டை வைச்சிருந்திட்டு, இப்ப பொடியனைப் பிடிச்சுக் கதை கட்டுறார்."

பெரியப்பா எழுந்து வந்து, வலது கையால் அதைப் பிடுங்கினார். கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். சிங்களம் வாசிக்கத் தெரியாது, ஆனால் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"கீழதான் போட்டிருக்கிறான்," என்றார், பெரியம்மாவிடம். "குடுக்கவும் இல்லை. மாட்டுப்பட்டவுடன பிள்ளையில பழியைப் போடுறான், பார்."

ஒரே கடுதாசி. இரண்டு பேருக்கும் வேண்டியது அதில் இருந்தது.

இல்லை, நான்தான், இவனைக் கேளுங்கோ, இவனும் இருந்தவன் என்று பெரியப்பாவின் மகனைக் காட்டினேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தகப்பனைப் பார்த்தான், பிறகு தன் அறுந்த செருப்பைப் பார்த்தான். "எனக்கு ஒண்டும் தெரியாது" என்றான். ஒன்றும் கதைக்கமாட்டேன் என்று சொன்னவன், சொன்னபடி நடந்தான். நான்கு மாதம் இரண்டு பக்கமும் கதை கொண்டுபோனவன் நான். காரம் கூட்டியும் குறைத்தும் கொடுத்தவன் என்று எல்லோருக்கும் தெரியும். என் சாட்சிக்கு அந்த வீட்டில் என்ன விலை இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு அறை பார்த்துப் போனார்கள். பெரியம்மா டெக்கை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். போகும்போது அப்பா கந்தோரில் இருந்தார். அன்று அவருக்கு லீவு எடுக்க முடியாமல் போனதாம். இரண்டு வருடத்தில் அவர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள். கலியாணக் கார்டுகள் வந்தன, அவற்றில் அப்பாவின் பெயர் இல்லாமல் "குடும்பத்தினர்" என்று இருக்கும். இங்கிருந்தும் அப்படியே போனது. பெரியப்பாவின் மகன் இப்போது அங்கே பஸ் கொம்பனி ஒன்றில் வேலை. ஒருமுறை ரெலிபோனில் அந்தக் கதையை எடுத்தேன். அங்கே குளிர் தொடங்கிவிட்டது என்றான்.

பெரியப்பா செத்த செய்தி வந்தபோது அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அழவில்லை. தன்னைப் பொலிஸுக்குக் காட்டிக்கொடுத்த தம்பி என்று கடைசிவரை சொன்னாராமே என்று மட்டும் கேட்டார், என்னிடம், நான் இன்னும் அந்த நான்கு அடி நடந்து பதில் கொண்டுவருவேன் என்பதுபோல.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தமுறை பகிடி விடாமல், காரம் கூட்டாமல். பெரியப்பாவிடம் சொன்ன பொய், அவரிடம் சொன்ன பொய், றங்குப்பெட்டி, பேப்பர், சார்ஜன்ட் நின்றபோது நான் எழும்பாமல் இருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. என் தொடையில் கையை வைத்தார். அம்மா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கூடவே அப்பாவைப் பார்க்க வந்திருந்த பழைய கந்தோர் நண்பர் ஒருவரும் உள்ளே வந்தார்.

"இவனைப் பார்," என்றார் அப்பா நண்பரிடம். "அண்ணைக்கும் எனக்கும் நடந்ததை நினைச்சு நான் கவலைப்படக்கூடாதெண்டு, பழி முழுக்கத் தன்னில போடுறான். பதினொரு வயசிலயும் இதே கதைதான் சொன்னவன். சின்னனிலயிருந்தே நல்ல மனசு."

நண்பர் என் முதுகில் தட்டி, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா என்றார்.

"இல்லை அப்பா, உண்மையாத்தான் சொல்றன்" என்றேன்.

"ஓம், ஓம்," என்றார் அப்பா, என் தொடையைத் தடவிக்கொண்டே. "தேத்தண்ணியைக் குடி."